ஈரத்தில் தெரியாத வெள்ளை

அந்த அக்கா ஒருவரைப் பார்த்தால் முகத்தைப் பார்க்கமாட்டார். உடுத்தியிருக்கும் துணியைத்தான் முதலில் பார்ப்பார். காலர், பாக்கெட், கை மடிப்பு, பிறகு வயிற்றுப் பக்கம். அதெல்லாம் முடிந்த பிறகுதான் கண் முகத்துக்கு வரும். என்னிடம் முதன்முதலாகப் பேசியதும் அப்படிப் பார்த்துத்தான்.

"தம்பி, பாக்கெட்டுல சாம்பாரு. நேத்து ராத்திரிச் சாப்பாடா?"

நேற்று மத்தியானம் என்று சொல்ல வாய் வரை வந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. பெண்கள் பேசினால் தலையாட்டுவதோடு சரி. ஆண்கள் பேசினாலும் ஏறக்குறைய அப்படித்தான். குண்டடம் பக்கத்தில் ஐந்தாவது வரை படித்தேன். ஆடு மேய்த்தேன். மழை இல்லாமல் போனதும் திருப்பூருக்கு வந்து மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் டேபிளில் நின்றுவிட்டேன். பாய்லர் நீராவி இரைச்சலில் அங்கே யாரும் யாரிடமும் பதில் எதிர்பார்ப்பதில்லை. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

என் டேபிளுக்கு நேர் எதிரில் அவர் இடம். கறை எடுக்கிற வேலை. செக்கிங் பெண்கள் ஒவ்வொரு பீசையும் விரித்துப் பார்த்து, எங்கே கறை இருக்கிறதோ அங்கே அம்பு போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார்கள். அந்தப் பீசெல்லாம் இவர் முன்னால் குவியும். ஸ்டிக்கரை உரிப்பார், துப்பாக்கி மாதிரி இருக்கும் கன்னை எடுத்து மருந்து அடிப்பார், பிறகு அதிலேயே வெறும் காற்றை அடித்துக் காயவைப்பார். மெஷின் எண்ணெய், கை அழுக்கு, சாக்பீஸ் கோடு, ஊசித் துரு, எல்லாவற்றுக்கும் தனித்தனி பாட்டில். சில பீசில் கறை போயிருக்கும், ஆனால் ஸ்டிக்கர் ஒட்டியிருந்த இடத்தில் அதன் பசை வெள்ளையாக நின்றுவிடும். அதற்கும் ஒரு பாட்டில் உண்டு.

"ஈரத்துல பாக்காத பிள்ள" என்பார், பக்கத்தில் யாராவது பெண் அவசரப்பட்டுப் பீசை இழுத்தால். "ஈரத்துல எல்லாக் கறையும் போன மாதிரித்தான் இருக்கும். காஞ்ச பெறவு பாரு."

அவர் திருநெல்வேலிப் பக்கம். பேச்சில் அந்த இழுப்பு கடைசி வரை போகவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் அவரைச் சீண்டிக்கொண்டே இருப்பார்கள். மடித்துக் கட்டுகிற பெண் ஒருத்தி ஒருநாள் கேட்டாள்.

"ஏனுங்க்கா, எங்கூட்டுக்காரரக் கூட்டியாந்தா கொஞ்சம் கன் அடிச்சு உடுவீங்களா? பொறந்ததுல இருந்து ஒரே அழுக்குங்க."

"கொண்டாயேன். ஆனா அழுக்கு போனதும் உள்ள வேற ஆளு இருந்தா எங்கிட்ட வந்து சண்டை போடக்கூடாது, என்னா?"

சிரித்த சிரிப்பில் மூன்று மெஷின் நின்றது. சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

ஆனால் வேலையில் அவருக்கு விளையாட்டுக் கிடையாது. ஒருமுறை பெட்டியெல்லாம் டேப் ஒட்டி லாரியில் ஏற்றத் தயாராக இருந்தபோது, ஒரு பீசில் கழுத்துக்குக் கீழே லேசாக நிழல் மாதிரி ஏதோ விட்டுவிட்டதாகச் சொல்லி வந்து நின்றார். சூப்பர்வைசர் கையெடுத்துக் கும்பிட்டார். "யாருக்குங்க்கா தெரியப் போவுது? அந்த வெள்ளக்காரன் ரெண்டு நாள் போட்டுட்டு வீசிருவானுங்க."

"எனக்குத் தெரியும்லா" என்றார்.

பதினொரு பெட்டி பிரித்தார்கள். பீஸ் கிடைத்தது. கழுத்துக்குக் கீழே நிழல் இருந்தது. எனக்கு அது கடைசி வரை கண்ணில் படவில்லை, அவர் விரலை வைத்துக் காட்டிய பிறகும்.

அவருக்கு ஒரே மகள். புருஷன் இல்லை. எப்படி இல்லை என்று நான் கேட்டதில்லை. மகளுக்கு மேல்பல் நான்கும் வாய்க்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூடத்தில் தேங்காய்த் துருவி என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் நன்றாகப் பாடுவாள். அவர்கள் போகிற மாதா கோயிலில் பாட்டுக் குழுவில் இருந்தாள். ஆனால் பின்வரிசையில், உயரமான இரண்டு பேருக்கு நடுவில் நின்றுகொள்வாளாம்.

"பல்லு வெளிய நிக்குன்னா உள்ள தள்ளணும். அவ்ளோதான்" என்றார் அக்கா. கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு பல் கல்லூரியில், படிக்கிற பிள்ளைகள் கம்பி கட்டிவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு பல்லிலும் சின்ன இரும்புக் கட்டியை ஒட்டி, அதில் கம்பியை மாட்டி இழுத்தார்கள். மாதம் ஒருமுறை போய் முறுக்கிவிட்டு வர வேண்டும். இரண்டு வருஷம். ஷிப்மென்ட் நெருக்கத்தில் லீவு கிடைக்காமல் பல மாதம் தவறியது. அந்தப் பெண்ணும் காலையில் பன்னும் டீயுமாக முழுங்கிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுகிறவள். கம்பிக்குள் மாட்டினதை அங்கே யார் நின்று தேய்த்தார்கள்.

கம்பியைக் கழற்றிய மறுநாள் அக்கா மகளைக் கம்பெனிக்கே கூட்டி வந்தார். பல் வரிசை நூல் பிடித்தது போல நேராக இருந்தது. பெண்கள் எல்லோரும் கன்னத்தைக் கிள்ளினார்கள். அவள் வாயைத் திறந்து சிரித்ததை அன்றுதான் நான் பார்த்தேன். அப்போதுதான் அதுவும் தெரிந்தது. நான்கு முன்பல்லிலும், இரும்புக் கட்டி உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. சதுரமாக, மூலை கூடத் தெரிகிற மாதிரி.

"பாத்தீங்களா தம்பி, பசையத் தொடைக்காம விட்டுட்டாவ" என்றார் அக்கா. "ஸ்டிக்கர உரிக்கத் தெரிஞ்சவனுக்குப் பசைய எடுக்கத் தெரியாண்டாமா? படிக்கிற பிள்ளையளோட வேலை, இப்படித்தான் இருக்கும்."

எனக்கும் அது பசையாகத்தான் தெரிந்தது. சுற்றி நின்ற எல்லோருக்கும் அப்படித்தான். நாள் முழுக்க ஸ்டிக்கர் ஒட்டி ஸ்டிக்கர் உரிக்கிற இடத்தில் வேறு எப்படித் தெரியும்?

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளில் ஷிப்மென்ட் மாட்டிக்கொண்டது. கறை எடுக்கிறவர் இல்லாமல் ஒரு பெட்டியும் நகராது. அன்றைக்குப் பார்த்துப் பாய்லர் கெட்டுப்போய், அயர்ன்காரர்கள் நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம். அக்கா என்னிடம் வந்தார்.

"தம்பி, பிள்ளைய ஒரு எட்டு கூட்டிட்டுப் போயிட்டு வாங்களேன். உங்கள நம்பி அனுப்பலாம். வாயில்லாத பிள்ள நீங்க."

பஸ்ஸில் அவள் முன்னால் பெண்கள் சீட்டில், நான் பின்னால். அங்கே போய் இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஒரு சின்ன வயது டாக்டரம்மா அவளைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் பஞ்சைத் திணித்து, என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"அப்பாவா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவங்க அம்மாவோட வேலை பாக்குறேனுங்க என்று சொல்லி முடிக்க எனக்கு நேரம் பிடித்தது.

"சரி, இங்க பாருங்க." ஒரு குழாயை எடுத்துப் பல்மேல் புஸ்ஸென்று காற்றடித்தார். ஈரமாக இருந்தபோது பாதி தெரியாத வெள்ளை, காய்ந்ததும் நன்றாக எழும்பி வந்தது. எங்கள் கம்பெனியில் பார்ப்பது போலவே இருந்தது. "இது ஒட்டின பசை இல்லைங்க. கம்பியைச் சுத்திச் சாப்பாடு தங்கித் தங்கி, பல்லோட சுண்ணாம்புச் சத்து கரைஞ்சிருக்கு. பல்லே உள்ள பொசுபொசுன்னு ஆனதுதான் வெள்ளையாத் தெரியுது. இது சொத்தையோட ஆரம்பம். ஆனா மேல்தோல் இன்னும் உடையல. அதனால காப்பாத்திடலாம். இந்தப் பேஸ்ட் தேய்க்கணும். மாசாமாசம் வந்தா மருந்து பூசிவிடுவோம். கரைஞ்ச சத்து கொஞ்சங்கொஞ்சமா உள்ள ஏறும். ஆறு மாசம் ஆகும், அதுக்கு மேலயும் ஆகலாம். அது வரைக்கும் சுரண்டக்கூடாது, வெளுக்கிற மருந்து எதையும் தொடக்கூடாது. அவங்க அம்மாகிட்ட நான் சொன்னத அப்படியே சொல்லிடுவீங்களா?"

நான்கு முறை தலையாட்டினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தனையையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பசை இல்லை. சத்து கரைஞ்சிருக்கு. மேல்தோல் உடையல. சுரண்டக்கூடாது. அவிநாசி தாண்டும்போது எல்லாம் வரிசையாக நின்றது. கம்பெனிக்குள் நுழையும்போது கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கையில் கன், முன்னால் மலை மாதிரி பீஸ், பின்னால் சூப்பர்வைசர், சுற்றிலும் இருபது பெண்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன தம்பி சொன்னாவ?" என்று அக்கா கத்திக் கேட்டார்.

"பேஸ்ட் குடுத்தாங்க்கா. தேய்க்கச் சொன்னாங்க."

"அதுல பசை போயிருமாமா?"

அப்போதே "இல்லை" என்று நான் கத்தியிருக்க வேண்டும். கத்தினால், இருபது பேர் கேட்க நின்று பல்லுக்குத் தோல் உண்டு, உள்ளே சத்து ஏறும் என்றெல்லாம் பேச வேண்டும். "படிச்ச டாக்டர் வந்துட்டாருங்க" என்று மடிக்கிற பெண் சொல்லுவாள். காது சூடாகிவிட்டது.

"ம்" என்றேன்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் பாய்லர் சரியாகிவிட்டது. அதற்கடுத்த நாள் அவரே பேச்சை எடுக்கவில்லை. ஒரு வாரம் போனால் பிறகு தானாக எடுத்துச் சொல்வது எனக்கு முடியாத காரியம்.

அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். நாற்காலியில் படுத்தபடி அவளும் கேட்டவள்தானே. "இது பசை இல்லியாம், அம்மா" என்றிருக்கிறாள். "நான் பாக்காத பசையாக்கும். அந்தத் தம்பியே சொன்னாரு, பேஸ்ட்டுல போயிரும்னு" என்று அக்கா அடக்கிவிட்டார். என் "ம்" அங்கே அப்படி வேலை செய்துகொண்டிருந்தது.

மாதம் ஒன்றாயிற்று. வெள்ளை அப்படியே இருந்தது. மருந்து பூச வரச் சொன்ன நாளில் லீவு இல்லை. கிறிஸ்துமஸ் நெருங்கியது. பாட்டுக் குழுவில் அவளை முன்வரிசையில் நிறுத்தப் போகிறார்கள், ஒரு பாட்டுக்கு அவள் தனியாகப் பாட வேண்டும் என்று அக்கா பூரிப்போடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டு, "அதுக்குள்ள அந்தப் பசைய எடுத்துரணும்" என்பார். அதைக் கேட்டும் நான் இஸ்திரிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஒரு திங்கள்கிழமை காலையில் நேரே என் டேபிளுக்கு வந்தார்.

"போச்சு தம்பி! பூராவும் போச்சு!"

எனக்குக் கை நின்றுவிட்டது.

"நேத்து கோயிலுக்குப் போயிட்டு வந்து உக்காந்தேன். பசை எடுக்குற மருந்துக்குக் கேக்கல. அப்ப இது பசையோட கம்பித் துருவும் சேந்து ஊறிருக்கும்னு தோணிச்சு. துரு மருந்து ஒரு சொட்டு, தண்ணி நெறைய கலந்துதான். நாலு பல்லுக்கும் தடவி உடனே கொப்பளிக்க வச்சேன். எரியுதுன்னா. பொறுத்துக்கிடச் சொல்லி மூணு மட்டம் பண்ணினேன். கண்ணாடியில காட்டுனா, ஒரு புள்ளி இல்ல!"

துருவுக்குப் போடுகிற மருந்து எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். துணியில் ஒரு சொட்டு விட்டுவிட்டு, அது நூலைத் தின்பதற்குள் அலச வேண்டும். கையில் வேஸ்ட் துணியைச் சுற்றிக்கொண்டுதான் அவரே அந்தப் பாட்டிலைத் தொடுவார்.

காஞ்ச பெறவு பாத்தீங்களாக்கா? இந்த ஒரு கேள்வி என் தொண்டையில் வந்து நின்றது. அவருடைய சொந்தப் பேச்சு அது. ஆயிரம் முறை அவர் வாயால் கேட்டது. அப்போதும் நான் கேட்கவில்லை. அவர் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சாயந்திரம் அந்தப் பெண் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். தாவணி முனையால் வாயைப் பொத்தியிருந்தாள். அக்கா வெளியே ஓடி, அவள் கையை விலக்கிப் பார்த்தார். ஈறு வெந்து தோல் உரிந்திருந்தது. நான்கு பல்லும் மேலிருந்து கீழ் வரை சாக்பீஸ் துண்டு மாதிரி வெளிறி, பளபளப்பே இல்லாமல் நின்றன. சதுரம் தெரியவில்லைதான். முழுவதும் வெள்ளையான பிறகு சதுரம் எங்கே தெரியும்.

அக்கா தன் சேலைத் தலைப்பை எச்சில் தொட்டு ஒரு பல்லைத் துடைத்தார். ஈரம் பட்டதும் பல் சரியாகிவிட்டது போல இருந்தது. அப்படியே பிடித்துக்கொண்டு, காயும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் ஷிப்மென்டை விட்டுவிட்டு மகளோடு கோயமுத்தூர் போனார். மேல்தோல் இருந்த வரைக்கும் உள்ளே சத்து ஏற்றியிருக்கலாம், இப்போது அந்தத் தோலே கரைந்துவிட்டது, இனி பல்லை அராவித் தொப்பி மாதிரி ஒன்று மாட்டுவதுதான் வழி என்றார்களாம். அராவ வேண்டும் என்றதும் அந்தப் பெண் நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு வேறு பெண் பாடினாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து டீ நேரத்தில் அக்கா என் டேபிள் பக்கம் வந்தார். கம்ப்ரசரை நிறுத்தியிருந்தார்கள். யாரும் இல்லை. மெதுவாகப் பேசினாலே கேட்கும்.

"தம்பி, அன்னைக்கு நீங்க பிள்ளையக் கூட்டிட்டுப் போனீங்கல்லா. டாக்டரம்மா பேஸ்ட்டத் தவிர வேற எதுவும் சொல்லலயா?"

"இல்லீங்க்கா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். முதன்முறையாக, துணிக்கு முன்னால் முகம். பிறகு பார்வை என் சட்டைக்கு இறங்கியது.

"கைமடிப்புல துரு இருக்கு தம்பி. டேபிள் கம்பி பட்டிருக்கும். நாளைக்குக் கழட்டிக் கொண்டாங்க, எடுத்துத் தாரேன்."

"சரிங்க்கா" என்றேன்.

கொண்டு போகவில்லை. பிறகும் இரண்டு முறை கேட்டார். "சட்டை எங்க தம்பி?" கிழிந்துவிட்டது, போட்டுவிட்டேன் என்றேன். அதோடு கேட்பதை நிறுத்தினார்.

அதன் பின் மூன்று வருஷம் எதிரெதிரே நின்று வேலை பார்த்தோம். என்னிடம் அவர் ஒருநாளும் முகம் கோணவில்லை. பாக்கெட்டில் சாம்பார் இருந்தால் சொல்வார். டீ வந்தால் எனக்கும் ஒரு டம்ளர் எடுத்து வைப்பார். ஆனால் கறை எடுப்பதில் ஏதோ போய்விட்டது. ஒரே பீசை எடுத்து மருந்தடிப்பார், காயவைப்பார், பார்ப்பார், மறுபடியும் மருந்தடிப்பார். இல்லாத கறைக்கெல்லாம் அடித்தார். துணி நைந்து பீஸ் வீணானது. சூப்பர்வைசர் முதலில் கெஞ்சினார், பிறகு கத்தினார். மடிக்கிற பெண் கூடச் சீண்டுவதை நிறுத்திவிட்டாள். மருந்துப் புகையில் இருமலும் சேர்ந்துகொண்டது. ஒரு மாதம் வேலைக்கு வரவில்லை. ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள்.

மகள் மட்டும் திருப்பூரிலேயே தங்கி வேறொரு கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்திருந்தாள். நான் அவளைப் பார்த்தது வெகுநாள் கழித்து, ஒரு பேக்கரி வாசலில். பஞ்சுத் தூசிக்குக் கட்டுகிற துணியைத் தெருவிலும் மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். கண்ணை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. ஒதுங்கிப் போகத்தான் பார்த்தேன். அவளே கூப்பிட்டாள்.

"மாமா, டீ குடிக்கலாமுங்களா?"

நின்றேன். டீ வந்ததும் துணியைக் கீழே இறக்கினாள். பேசுவதற்கு முன்னால் நாக்கை முன்பல்மேல் ஒருமுறை ஓட்டிக்கொண்டாள். பழகிப்போன காரியம் போல இருந்தது. ஈரத்தில் பல் நல்ல பல்லாகவே தெரிந்தது.

"அம்மா?" என்று கேட்டேன்.

"போன தவக்காலத்துல தவறிப்போயிருச்சு மாமா."

டம்ளரை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"அம்மாவுக்குத் தெரியும் மாமா" என்றாள். "பல்லு வெந்து நானும் அம்மாவும் போனப்பவே டாக்டரம்மா சொல்லிட்டாங்க, கூட வந்தவர்கிட்ட எல்லாத்தையும் வெளக்கிச் சொன்னேனேன்னு. எனக்கு உங்கமேல வந்த கோவத்துக்குக் கம்பெனிக்கே வந்து கேக்கலாம்னு இருந்தேன். அம்மாதான் விடல. வாயில்லாத மனுசன், கொஞ்ச நாளாகும், அவரே வந்து சொல்லுவாருன்னுச்சு. ஊருக்குப் போன பொறகும் கேட்டுச்சு, அந்தத் தம்பி எதாவது வந்து சொன்னாரான்னு."

அவள் பேசப் பேசப் பல் காய்ந்துகொண்டே வந்தது. முதலில் விளிம்பில், பிறகு நடுவில், சாக்பீஸ் வெள்ளை எழும்பி வந்தது. ஓரத்தில் பழுப்பு ஏறியிருந்தது.

அப்போது எனக்கு வாய் திறந்தது. ஏன் திறந்தது என்று தெரியவில்லை. இது ஒட்டின பசை இல்லை என்றேன். சாப்பாடு தங்கிப் பல்லோட சுண்ணாம்புச் சத்து கரைஞ்சிருக்கு என்றேன். மேல்தோல் இன்னும் உடையல, காப்பாத்திடலாம், மாசாமாசம் வந்தா மருந்து பூசிவிடுவோம், ஆறு மாசம் ஆகும், சுரண்டக்கூடாது, வெளுக்கிற மருந்து எதையும் தொடக்கூடாது என்றேன். வரிசை மாறவில்லை. ஒரு வார்த்தை விடுபடவில்லை. பேக்கரிக்காரர் திரும்பிப் பார்த்தார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

அவள் நான் முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டாள்.

"இது எனக்குத் தெரியுமுங்க மாமா" என்றாள். "நாந்தான அந்தச் சேர்ல படுத்திருந்தேன்."

மீதி டீயைக் குடித்துவிட்டுத் துணியை மூக்கு வரை ஏற்றிக் கட்டிக்கொண்டாள்.